ஜீப்புக்கு எஞ்சின் மாத்தப் போறேன்...

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. படிச்சது மெக்கானிக்கல் இஞ்சினியரிங், பொழப்பு ஜாவா. கோயமுத்தூர்ல தடுக்கி விழுந்தா இப்படி ஒருத்தன் மேலதான் விழணும் :-) சரவணம்பட்டியில ஏ.சி. ரூமுக்குள்ள உக்காந்துட்டு வேற யாரோ எழுதின கோடுக்கு பக் தேடிட்டு இருக்கேன். நாலு வருஷம் படிச்சதுல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு ஆசைதான். எங்க அப்பாரு வாங்கின ஜீப்பை மறுபடியும் நல்லா ஓட வெக்கணும். (கொங்கு நாட்டுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு: அப்பாருன்னா அப்பாவோட அப்பா.)

வண்டி 1974 மாடல் மஹிந்திரா சிஜே-3பி. ஆனைமலை பக்கம் எங்க தென்னந்தோப்புல, மட்டை வேஞ்ச கொட்டாய்க்குள்ள நிக்குது. காலைல ஸ்டார்ட் பண்ணினா தோப்பு முழுக்க பொகை. ஆயில் அளக்கற கம்பியை உருவினா அந்த ஓட்டை வழியாவும் பொகை. பொள்ளாச்சி ரோட்டுல அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங்கும் கையும் சேந்து ஆடும்.

சரி, எஞ்சினை மாத்திடலாம்னு முடிவு பண்ணினேன். நம்மாளு எந்த வேலையை ஆரம்பிச்சாலும் முதல்ல என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட் திறப்பான். திறந்தேன். பேரு 'ப்ராஜெக்ட் அப்பாரு'. நாலு வரிசை. ஒண்ணு, ஸ்கார்ப்பியோவுல 2008ல வந்த எம்ஹாக், 2179 சிசி, 120 குதிரை. ரெண்டு, பழைய டொயோட்டா டீசல் ஏதாவது. மூணு, மஹிந்திராவோட 2523 சிசி டி.ஐ. எஞ்சின், மேஜர், கமாண்டர் ஜீப்புல எல்லாம் இருந்தது. நாலு, இருக்கறதையே போர் அடிச்சு ரெடி பண்றது. நாலாவதை சும்மா ஒரு மரியாதைக்குத்தான் சேர்த்தேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. எஞ்சின் மாத்தறதுன்னா எஞ்சினை மட்டும் மாத்தறது இல்லை. சாஃப்ட்வேர்காரங்களுக்குச் சொன்னா சட்டுனு பிடிபடும். ஒரே ஒரு லைப்ரரியோட வெர்ஷனைத்தான் ஏத்துவோம், அது இன்னும் பதினேழு லைப்ரரியைக் கேக்கும். இங்கயும் அதே கதை. புது எஞ்சினும் பழைய கியர்பாக்ஸும் ஒண்ணு சேர நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் கடையணும். கணபதி பக்கம் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, கடைஞ்சுடுவாங்க. ஆனா கிராங்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல இல்லைன்னா பேரிங் கொஞ்ச நாள்ல அழ ஆரம்பிச்சுடும். மவுன்ட்டிங் வெல்டு பண்ணணும், ரேடியேட்டர் பெருசாகணும். இந்த வண்டியோட மூணு கியர் பெட்டி எழுபத்தி சொச்சம் குதிரைக்காக செஞ்சது. அதுல 120 குதிரையைக் கட்டினா எது முதல்ல ஒடையும்னு பந்தயம் கட்டலாம். எம்ஹாக்னா கூடவே ஒரு கம்ப்யூட்டர், ஒயரிங், ஒரு டஜன் சென்சார். அப்புறம் பிரேக்கு. நாலு சக்கரத்துலயும் டிரம், மிதிக்கறது முழுக்க நம்ம கால் பலம்தான். 120 குதிரையில ஓடற வண்டியை என் காலை மட்டும் நம்பி நிறுத்தணுமா?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாத்தேன். சிஜே-3பியோட ஆக்ஸில் ரேஷியோ 5.38. டயர் 6.00-16, விட்டம் கிட்டத்தட்ட 28 இன்ச். டாப் கியர்ல எஞ்சின் நிமிஷத்துக்கு 2500 தடவை சுத்தினா வண்டி போறது மணிக்கு 63 கிலோமீட்டர், அவ்வளவுதான். எஞ்சின் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் அந்த 2500க்கு அதே 63தான். என் வண்டி அறுபதுல திணறுதுன்னா குத்தம் எஞ்சின் மேல மட்டும் இல்லை, க்ரவுன் பினியன்லயும் இருக்கு. இந்த வரியை எக்செல்ல எழுதினப்ப படிப்பு வீண் போகலைன்னு ஒரு சின்ன சந்தோஷம் :-)

உக்கடத்துல பழைய எஞ்சின் பாக்கப் போனப்ப ஒரு பாய் சிரிச்சுட்டே சொன்னார். "தம்பி, எஞ்சின் நாளைக்கே கெடைக்கும். அந்தக் காசு பாதி. அதைச் சுத்தி இருக்கறதுக்கு இன்னொரு பாதி. மூணாவது பாதின்னு ஒண்ணு இருக்கு, அது உங்களுக்கு அப்புறம் தெரியும்."

*

மூணாவது பாதி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2000ல திருத்தம் வந்ததுக்கு அப்புறம், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்.சி. இருக்கற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே மேக், அதே டைப் எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோட போட்டு நம்பரை ஏத்திக்கறது வேற விஷயம். எம்ஹாக்கை இதுக்குள்ள மாட்டறது வேற விஷயம். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வண்டியை ஆர்.டி.ஓ. முன்னாடி கொண்டுபோய் நிறுத்தித்தான் புதுப்பிக்கணும். நாளைக்கு எங்கயாவது ஒரு ஆளை இடிச்சுட்டா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்கறதும் எஞ்சின் நம்பரைத்தான்.

அதனால பழைய ஆர்.சி. புக்கைத் தேடினேன். அப்பாரோட தகரப் பெட்டியில பத்திரம், கிஸ்தி ரசீதுகளுக்கு நடுவுல கெடைச்சுது. தொறந்து பாத்தா... எரிபொருள் பெட்ரோல்னு எழுதி, அதை அடிச்சு, டீசல்னு இருக்கு. எஞ்சின் நம்பரும் மாறியிருக்கு. சீல், கையெழுத்து. வருஷம் 1988.

சிஜே-3பி ஒரிஜினலா பெட்ரோல் வண்டின்னு படிச்சிருந்தேன். எங்க வண்டி டீசலாவே வந்திருக்கும்னு நானா நெனச்சுட்டேன். நான் எதை 'ஒரிஜினல்'னு நெனச்சு, மாத்தலாமா வேண்டாமான்னு ராத்திரி பூரா யோசிச்சுட்டு இருந்தேனோ, அது ஏற்கனவே ஒருக்கா மாத்தினது.

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. இந்த மாடலோட உசரமான பானெட் இருக்கே, அதுக்குக் காரணமே எஞ்சின் மாத்தினதுதான். 1953ல வில்லிஸ் கம்பெனி தன்னோட பழைய ஜீப்புல ஹரிகேன்னு உசரமான ஒரு எஞ்சினைப் போட்டாங்க. பானெட்டுக்குள்ள அடங்கலை. சரின்னு பானெட்டையே தூக்கிட்டாங்க. அதுதான் சிஜே-3பி. ஜப்பான்ல மிட்சுபிஷி இந்த உசந்த பானெட் ஜீப்பை டீசல் எஞ்சினோடயும் செஞ்சு, 1998 வரைக்கும் வித்தாங்க. இந்த வண்டி பொறந்ததே எஞ்சின் மாத்தித்தான்!

*

அன்னைக்கு சாயந்திரம் அப்பாகிட்ட புக்கை நீட்டினேன். அவரு கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு மெதுவா சிரிச்சாரு.

"அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு சோடி காளையை வித்துத்தான் இந்த எஞ்சினை வாங்கினேன். உங்க அப்பாரு ஆறு மாசம் எங்கூடப் பேசலை. ட்ராக்டர் மேல குந்தற மாதிரி இருக்குதுன்னு சொல்லிப்போட்டு பொள்ளாச்சிக்கு பஸ்ஸுலயே போனாரு."

"எதுக்குப்பா மாத்தினீங்க? பெட்ரோல் வெலையா?"

"அதுவுந்தான். ஆனா அது மட்டும் இல்லை கண்ணு. அப்ப நம்மகிட்ட பி-275 ட்ராக்டர் இருந்துச்சு. இதுவும் அந்த ஜாதி எஞ்சின்தான். ட்ராக்டருக்கு பேரல்ல டீசல் எப்பவும் இருக்கும். ஒரே ஃபில்டர், ஒரே நாசில், ஒரே மெக்கானிக். நடு ராத்திரி எங்கயாச்சும் நின்னு போச்சுன்னா பக்கத்து ஊரு ட்ராக்டர்காரனே வந்து எடுத்து உடுவான். பெட்ரோல் வண்டி நின்னா கோயமுத்தூர்ல இருந்துதான் ஆள் வரணும்."

நான் போய்ப் படிச்சுப் பாத்தேன். மஹிந்திரா, வோல்டாஸ், அமெரிக்காவோட இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மூணு பேரும் சேந்து 1963ல ஆரம்பிச்ச ட்ராக்டர் கம்பெனியில வந்தது பி-275. அந்த எஞ்சின் வம்சத்துல இருந்துதான் சிஜே 500டி ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வந்துச்சு. என் ஷீட்ல மூணாவது வரிசையில இருந்த 2523 சிசி எஞ்சினும் அதே வம்சம், மூணரை இன்ச் போர், நாலு இன்ச் ஸ்ட்ரோக். இவ்வளவையும் நான் ரெண்டு வாரம் உக்காந்து கண்டுபுடிச்சேன். ப்ளஸ் டூவோட நிறுத்தின மனுஷன் 1988லயே அதை வெச்சு முடிவே எடுத்துட்டாரு.

என் எக்செல்ல குதிரை சக்திக்கு ஒரு காலம், டார்க்குக்கு ஒண்ணு, வெலைக்கு ஒண்ணு, எடைக்கு ஒண்ணுன்னு மொத்தம் பதினொண்ணு இருந்துச்சு. 'நின்னா யாரு வருவா'ன்னு ஒரு காலம் இல்லை.

அப்பா கேட்டாரு, "சரி, இப்ப நீ எதுக்கு மாத்தற?"

பதில் ரெடியா இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து கொஞ்சம் வேகமா வரலாம்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கே சப்புனு இருந்துச்சு.

"எவ்வளவு ஆகும்?"

"மூணரை லட்சம் வெச்சிருக்கேம்ப்பா."

அவரு ஒண்ணும் சொல்லலை. வாங்க நடக்கலாம்ங்கற மாதிரி எந்திரிச்சு தோப்புக்குள்ள போனாரு. நானும் பின்னாடியே போனேன். தெக்கால ஓரத்துல வானம் முன்ன விட அதிகமாத் தெரிஞ்சுது. கேரளா வாடல் நோய் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் எல்லாத் தோப்பையும் ஒரு கை பாத்துட்டு இருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நோய் வந்த மரத்தைக் குணமாக்க முடியாது, ரொம்ப மோசமானதை வெட்டித்தான் ஆகணும். எங்க வரப்போரமா மட்டும் பத்தொம்பது அடிக்கட்டை எண்ணினேன். வாராவாரம் வந்துட்டுத்தான் இருக்கேன். வந்ததும் நேரா கொட்டாய்க்குப் போய் பானெட்டைத் தொறந்துட்டு நிப்பேன், மேல பாத்ததே இல்லை.

"வெட்டின மரத்தை ரோட்டுக்கு இழுத்ததெல்லாம் இந்த ஜீப்புதான்"னாரு. குத்திக்காட்டற மாதிரி எல்லாம் சொல்லலை. சும்மா சொன்னாரு. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

*

ஷீட்டை இன்னும் அழிக்கலை. பன்னெண்டாவதா அந்தக் காலத்தைச் சேர்த்து மறுபடி மார்க் போட்டேன். மரியாதைக்குச் சேர்த்த நாலாவது வரிசை முதல்ல வந்துடுச்சு.

அடுத்த மாசம் எஞ்சினைக் கழட்டறோம். ஸ்லீவ், பிஸ்டன், ரிங் புதுசு. கிராங்க் அளந்து பாத்துட்டு தேவைப்பட்டா கிரைண்டிங். டீசல் பம்ப்பும் நாசிலும் கேலிப்ரேஷனுக்கு. அதே எஞ்சின், அதே நம்பர், அதனால ஆர்.சி.யில ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை. பிரேக் முழுக்கப் புதுசாப் பண்றோம், அதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கலை. 63க்கு மேல போகாது. பரவாயில்லை, அரை மணி நேரம் முன்னாடி கெளம்பினாப் போச்சு. மிச்சப் பணத்துல கன்னு வாங்கறோம். எந்த ரகம் வெக்கறதுன்னு அப்பா விசாரிச்சுட்டு இருக்காரு.

"எஞ்சின் எறக்கற அன்னைக்கு லீவு போட்டுட்டு வா. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது, கீழ படுத்து போல்ட் கழட்ட ஒரு ஆளு வேணும்"னு சொல்லியிருக்காரு. மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை. காரணம் என்னன்னு எழுதறதுங்கறதுதான் இப்ப யோசனை :-)

உங்க ஊட்லயும் கொட்டாய்க்குள்ள பழைய ஜீப் ஏதாவது நின்னுட்டு இருந்தா, எக்செல் திறக்கறதுக்கு முன்னாடி பழைய ஆர்.சி. புக்கைத் தொறந்து பாருங்க. அப்படியே வெளிய வந்து தோப்பையும் ஒரு தடவை பாத்துடுங்க.