தானியம் கட்டிய ஊர்

போலந்தில், விஸ்துலா ஆற்றின் வலது கரையில் இருக்கிறது கஜிமியேஷ் டோல்னி. இன்றைக்கு மூவாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஆனாலும் சந்தைச் சதுக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளைப் பார்த்தால், ஒரு காலத்தில் இங்கே பணம் எப்படிப் புரண்டிருக்கும் என்று தெரிந்துவிடும்.

மிகோவாய், கிஷிஷ்டோஃப் என்ற பிஷிபிவா குடும்பத்துச் சகோதரர்கள் 1615 வாக்கில் கட்டிய வீடுகள் அவை. ஆளுக்கொரு வீடு, தத்தம் பெயருக்குரிய புனிதரை முகப்பில் ஏற்றிவிட்டார்கள். ஒன்றில் ஆயர் கோலத்தில் புனித நிக்கோலாஸ். மற்றதில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர், ஜன்னல்களை விடப் பெரிய உருவமாக. ஆற்றை நம்பிப் பிழைத்தவர்களுக்குப் பொருத்தமான காவல்தான். சுவரில் சும்மா விட்ட இடம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். அடக்கமாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று இந்த வீட்டுக்காரர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

பணம் வந்த வழி தானியம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார விளைச்சல் இங்கே வந்து குவிந்து, ஆற்றோடு வடக்கே கதான்ஸ்க் துறைமுகத்துக்கு இறங்கி, அங்கிருந்து கப்பலேறியது. ஆற்றங்கரைக் கல் களஞ்சியங்கள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாகிவிட்டது.

1650-களில் ஸ்வீடன் படைகள் ஊரைச் சூறையாடின. 1708-இல் கொள்ளைநோய். குன்றின் மேல் நிற்கும் மூன்று சிலுவைகள் அதில் மாண்டவர்களின் நினைவாக வைத்தவை என்பார்கள். பிறகு போலந்தையே அண்டை அரசுகள் பங்கு போட்டுக்கொண்டதில் தானிய வணிகமும் போயிற்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் காசு இல்லாததால்தான் பழைய ஊர் பிழைத்தது என்பது என் எண்ணம். இரண்டு உலகப் போர்களின் சேதத்துக்குப் பின் அதைப் பழைய சாயல் கெடாமல் மீட்டதில் கட்டடக் கலைஞர் கரோல் சிச்சின்ஸ்கிக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே சிதைந்து கிடக்கும் கோட்டை, அதற்கும் மேலே வட்டக் காவல் கோபுரம்: ஏறினால் ஆறு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

வருகிறவர்கள் சேவல் வடிவ ரொட்டி வாங்கிக்கொண்டு, படகில் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் போக வேண்டிய இடம் ஊருக்கு வெளியே செர்னியாவியில் இருக்கும் யூதர் இடுகாடு.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் யூதர்கள். 1942-இல் நாஜிகள் அவர்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் பெவ்ஜெட்ஸ் கொலை முகாமில் மாண்டார்கள். அதற்கு முன்பே நாஜிகள் கல்லறைக் கற்களைப் பிடுங்கி, கெஸ்டாப்போ தங்கியிருந்த மடத்தின் முற்றத்தில் தளமாகப் பாவியிருந்தார்கள். போருக்குப் பின் மீட்ட அந்தக் கற்களைக் கொண்டு 1984-இல் ததேயுஷ் அவுகுஸ்தினெக்கின் வடிவமைப்பில் ஒரு நீண்ட சுவர் எழுந்தது. அருகே போனால், உடைந்த எபிரேய வரிகளுக்கிடையே ஆசி வழங்கும் இரு கைகள் தெரியும்: குருமார் குலத்து ஆண்களின் கல்லில் செதுக்குவது. மெழுகுவர்த்தித் தண்டு இருந்தால் அது பெண்ணின் கல். சுவரை மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாகப் பிளந்து விட்டிருக்கிறார்கள், ஆள் நுழையும் அகலத்துக்கு. அதன் வழியே போனால் பின்னால் மரங்களுக்கு நடுவே, பிடுங்கப்படாமல் தப்பிய சில கற்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய தொழுகைக்கூடம் போருக்குப் பின் பல ஆண்டுகள் சினிமா கொட்டகையாக ஓடியது. இப்போது அந்தக் கட்டடம் மறுபடியும் யூதச் சமூகத்தின் கையில்.