பழைய பேருந்து நிலையத்தில் ஒரு திரையரங்கு

பழைய பேருந்து நிலைய வியாபாரிகளுக்காகத் தொடுத்த ரிட் மனுவில் திரையரங்கு கட்டக் கூடாது என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஆனால் தியேட்டரை எதிர்த்து வியாபாரிகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் ஊர் பேசியது. என் கட்சிக்காரர்களுக்கு அந்தத் தியேட்டர் வேண்டும். இரவுக் காட்சி முடிந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் இட்லியும் பூவும் பழமும் எவ்வளவு விற்கும் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். தியேட்டர் திறக்கும் அன்று நாங்களும் அங்கே இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய கோரிக்கை.

தென் மாவட்டத்தில் ஒரு நடுத்தர நகராட்சி அது. புதிய பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போன பிறகு, ஊர் நடுவிலிருந்த பழைய பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ்கள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. 2015-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்து, மதுரை, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி போன்ற நகரங்களில் பழைய பேருந்து நிலையங்களை மாற்றிக் கட்டும் வேலைகள் தொடங்கியதும், அந்தப் பட்டியலில் இல்லாத ஊர்களுக்கும் அதே ஆசை வந்தது. எங்கள் நகராட்சி 2018-ல் ஒரு திட்டம் தயாரித்தது. நிலத்தடியில் வண்டி நிறுத்தம், கீழ்த்தளத்தில் கடைகள், மேலே மூன்று திரைகள் கொண்ட தியேட்டர். தனியார் கட்டி, குத்தகைக் காலம் வரை நடத்திக்கொள்ளலாம்.

அந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்குப் பிறகு 2022 வரை நம் நகராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் கையெழுத்திட்டால் அதுவே தீர்மானம். பேருந்து நிலையத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தரைக்கடையும் தள்ளுவண்டியும் வைத்துப் பிழைத்தார்கள். எங்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர்கள் கேட்பதற்கு வார்டில் ஓர் ஆள்கூட இல்லை. ஒரு வாரத்துக்குள் காலி செய்யும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

அந்த வியாபாரிகளுக்கு முன்பே என்னிடம் வந்தவர் வேறொருவர். அதே ஊரில் ஒற்றைத் திரை அரங்கு நடத்திய பெரியவர். ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்த பிறகு, பெரிய படம் வரும் வாரங்கள் மட்டுமே அவருக்கு மிச்சம். "வக்கீல் சார், மூணு ஸ்க்ரீன் வந்தா நான் கல்யாண மண்டபம் ஆக்கிட்டுப் போக வேண்டியதுதான். ஏதாவது தடை வாங்கிக் குடுங்க" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. புதிய திரையரங்குக்குத் தடையில்லாச் சான்று கொடுத்ததை எதிர்த்துப் போட்டித் திரையரங்குக்காரர் தொடுத்த குஜராத் வழக்கில், ஜஸ்பாய் மோதிபாய் தேசாய் வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் 1975-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: போட்டியால் வியாபாரம் குறையும் என்பது சட்டப்படியான பாதிப்பு ஆகாது. இதை அவரிடம் விளக்கினேன்.

சில வாரங்களில் வியாபாரிகள் என் அலுவலகத்துக்கு வந்தபோது, அவர்களுக்கான செலவு முழுவதையும் தாம் ஏற்பதாக அந்தப் பெரியவர் ஆள் அனுப்பினார். நான் மறுத்தேன். பணம் யாருடையது என்று நீதிமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தால், ஏழைகளின் மனு போட்டிக்காரரின் மனுவாகிவிடும். அதன் பிறகு நூறு சட்டப்பிரிவுகளைக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பொதுத் திட்டங்களை எதிர்த்து வரும் வழக்குகளில் பாதி இப்படித்தான் வீணாகின்றன என்பது என் எண்ணம். உண்மையான பாதிப்புள்ளவர் முன்னால் நிற்க, பின்னால் வேறொருவர் நிற்பார்.

எங்கள் சட்டம் 2014-ன் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். அதன் மூன்றாவது பிரிவு சொல்வது எளிமையானது. உள்ளாட்சி முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்று கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. அந்த நகராட்சியில் கணக்கெடுப்பே நடந்திருக்கவில்லை. நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

சட்டம் கையில் இருந்தால் போதாது, ஆவணம் வேண்டும். இங்கேதான் பூ விற்ற ஓர் ஆச்சி எங்களுக்குப் பெரிய துணையானார். நகராட்சி ஒவ்வோர் ஆண்டும் சுங்க வசூல் உரிமையை ஏலம் விடும். ஏலம் எடுத்தவரின் ஆள் தினமும் வந்து காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார். எல்லோரும் கிழித்துப் போடும் அந்தச் சீட்டை ஆச்சி கம்பியில் குத்தி வைத்திருந்தார். "காசு குடுத்ததுக்கு அத்தாட்சி வேண்டாமா வக்கீலய்யா" என்று பல கம்பிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மங்கிப்போன நகராட்சி முத்திரை பலவற்றில் தெரிந்தது. நாள்தோறும் காசு வாங்கிய நகராட்சி, அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பழைய மன்றத் தீர்மானங்களின் நகல் கேட்டோம். பேருந்து நிலையத் தரைக்கடைகளுக்குச் சுங்கம் வசூலிக்க ஏலம் விட்ட தீர்மானங்களில் பழையது 1964-ஆம் ஆண்டுடையது. இது ஏன் முக்கியம் என்றால், தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது. அந்தக் கோரிக்கையையும் மனுவில் சேர்த்தோம்.

என் ஜூனியர் லக்னோ வழக்கை மேற்கோள் காட்ட விரும்பினார். அமீனாபாதில் ஜண்டேவாலா பூங்காவைத் தோண்டி நிலத்தடி வணிக வளாகம் கட்ட, டெண்டரே இல்லாமல் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு மாநகராட்சி கொடுத்தது. கட்டியதை இடித்துப் பூங்காவை மீட்கச் சொல்லி 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் எங்கள் நகராட்சி டெண்டர் விட்டிருந்தது, இடமும் பூங்கா அல்ல. பொருந்தாத தீர்ப்பை மனுவில் செருகினால் பொருந்துவதற்கும் மதிப்புப் போகும். விட்டுவிட்டோம்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விசாரணை. நகராட்சி வழக்கறிஞர் இரண்டு வாதம் வைத்தார். பேருந்து நிலைய வளாகம் தெருவே அல்ல, ஆகவே சட்டம் பொருந்தாது என்பது முதலாவது. சட்டத்தின் வரையறையில் நடைபாதை, பூங்கா ஆகியவற்றோடு பிற பொது இடங்களும் சேர்ந்திருப்பதைக் காட்டியதும் அது முடிந்தது.

இரண்டாவது வாதம் என்னை யோசிக்க வைத்தது. அவர் டெல்லி உப்ஹார் திரையரங்கை எடுத்துக்காட்டினார். 1997 ஜூன் 13 அன்று பகல் காட்சியில், தரைத்தள வண்டி நிறுத்தத்திலிருந்த மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை பால்கனியில் நிறைந்து 59 பேர் இறந்த இடம். வெளியேறும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா, தியேட்டர் வாசலில் தள்ளுவண்டிகளை எப்படி அனுமதிப்பது என்று கேட்டார். 1979-ல் தூத்துக்குடியில் கொட்டகை எரிந்து, பெண்களும் குழந்தைகளுமாக மாண்டதைக் கேட்டு வளர்ந்த தென் மாவட்டத்துக்காரன் நான். அந்த வாதத்தை வெறும் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உப்ஹாரில் வழியை அடைத்தவை கூடுதல் வருமானத்துக்காக அரங்குக்காரர்கள் போட்ட நாற்காலிகள், அதற்கு அனுமதி கொடுத்தவர்கள் அதிகாரிகள் என்பதை முதலில் சொன்னேன். பிறகு, வெளியேறும் வழியில் ஒரு கூடைகூட இருக்காது என்று என் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு எழுதிக் கொடுத்தேன். அதற்கு முந்தைய நாள் ஒரு கட்டடக் கலைஞரை அழைத்துப் போய் இடத்தை அளந்திருந்தோம். மேற்கு மதிலை ஒட்டிய பட்டையில் எந்தக் கதவும் திறக்கவில்லை. தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையும் அந்தப் பக்கம் இல்லை. அத்தனை பேரும் அங்கே அடங்குவார்கள். அதை வரைந்து தாக்கல் செய்தோம்.

நீதிபதி எங்கள் வரைபடத்தையும் நகராட்சியின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகராட்சி வரைபடத்தில் வேப்பமரம் இருந்தது, மின்மாற்றி இருந்தது, கட்டணக் கழிப்பறை இருந்தது. "இந்த மனுதாரர்கள் இதில் எங்கே இருக்கிறார்கள்?" என்று நகராட்சி வழக்கறிஞரைக் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டு வழக்கறிஞர் தொழிலில் ஒரு வழக்கு என் கண்ணெதிரே திரும்பியதை அவ்வளவு தெளிவாக நான் பார்த்தது குறைவு.

உத்தரவு நாங்கள் கேட்டது முழுவதையும் தரவில்லை. மூன்று மாதத்தில் கணக்கெடுப்பு, சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, மேற்குப் பட்டையை விட்டு மற்ற பகுதியில் கட்டுமானம் தொடரலாம், வெளியேறும் வழிகளில் வியாபாரம் கூடாது என்றது. பாரம்பரியச் சந்தைக் கோரிக்கையை நகர விற்பனைக் குழு முடிவு செய்யட்டும் என்று அனுப்பிவிட்டது. அந்தக் குழு அமையவே நெடுங்காலம் ஆனது. இடையில் கொரோனா வந்து திரையரங்குகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு நவம்பரில்தான் திறந்தன. குத்தகைதாரர் மூன்று திரையை இரண்டாகக் குறைத்தார். தியேட்டர் திறந்தபோது ஆச்சியின் பூக்கடை மேற்கு மதிலோரம், சான்று அட்டையோடு இருந்தது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் அலுவலக நேரத்தில் வந்தார்கள். இருட்டிய பிறகு கடை போடும் இட்லி வண்டிக்காரர்கள் சிலர் பட்டியலில் சேரவில்லை. இரவுக் காட்சிக்கூட்டத்தை நம்பி இருந்தவர்களே அவர்கள்தான். சட்டத்தின் இருபதாவது பிரிவில் உள்ள குறைதீர்ப்புக் குழுவுக்கு அவர்கள் சார்பில் மனு கொடுத்திருக்கிறோம்.

உங்கள் ஊரில் பழைய பேருந்து நிலையமோ சந்தையோ இடிபடப் போகிறது என்று கேள்விப்பட்டால், டெண்டர் வருவதற்கு முன்பே நகராட்சியில் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரவுக் கடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இரவில் ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.