யார் சொன்னது?

நல்ல வாசகம் ஒன்று கண்ணிற் பட்டால் அதனை நாலு பேருக்குச் சொல்ல விரும்புதல் மனித இயல்பு. முன்னாளில் அவ்விருப்பம் திண்ணைப் பேச்சோடு நின்றுவிடும். இன்றோ கைத்தொலைபேசியில் விரல் பட்டமாத்திரத்தில் வாசகம் நூறு வீடுகளை எட்டிவிடுகின்றது.

சில ஆண்டுகளின் முன் முஸ்லிம் மாணவரொருவர் தமக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியொன்றை எமக்குக் காட்டினார். ரமழான் மாதம் வருவதை முதலிற் பிறர்க்கு அறிவிப்பவருக்கு நரகம் விலக்கப்படும் என்று நபிகள் நாயகம் கூறியதாக அதில் எழுதியிருந்தது. "சேர், டேட்டா முடிஞ்சுது. அனுப்பாமல் விட்டால் பாவமா?" என்றார். முகத்தில் மெய்யாகவே அச்சம் தெரிந்தது. பிற சமயத்தில் தீர்ப்புரைக்கும் தகுதி எமக்கில்லை. ஆதலின் மௌலவி ஒருவரிடம் கேட்குமாறு சொன்னோம். அச்செய்திக்கு ஆதாரமே இல்லை என்று அவர் விளக்கிய பின்னரே பிள்ளையின் மனம் ஆறியது.

நபிமொழிகளை ஆராய்வதில் இஸ்லாமிய அறிஞர் காட்டிய உழைப்போ வியக்கத்தக்கது. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் எனச் செல்லும் அறிவிப்பாளர் தொடரை 'இஸ்னாத்' என்பர். அத்தொடரில் வரும் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும், அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்கக் கூடுமா என்பதையும் துருவி ஆராய்ந்தனர். 810இற் பிறந்த இமாம் புகாரி இவ்வாறு தேர்ந்து தொகுத்த நூலில், மீண்டும் வருவனவற்றைச் சேர்த்தும் 7,000க்குச் சற்று மேற்பட்டனவே உள்ளன. 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி, புனையப்பட்டவற்றையே தனி நூலாகத் தொகுத்தார்.

கல்விக்காகச் சீனம் வரையும் செல்லப் பணிக்கும் வாசகத்தைப் பேச்சுப்போட்டி மேடைகளிற் பலமுறை கேட்டுள்ளோம். இப்னுல் ஜவ்ஸி அதனையும் அந்நூலிற் சேர்த்துள்ளார். கருத்து நன்றே, அதனால் அது நபிகளின் கூற்றாகிவிடாது. மக்களைப் பக்திவழியிற் செலுத்தும் நன்னோக்கத்தோடு பொய்மொழிகளைப் புனைந்தோரும் இருந்தனர் என்று அறிஞர் எழுதியுள்ளனர். தீயவன் பொய்யை நாம் எளிதில் ஐயுறுவோம். நல்லவன் பொய்யை வணங்கி ஏற்றுவிடுவோம்.

இந்நோய் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. விவேகானந்தரும் அப்துல் கலாமும் சொல்லாதனவும் அவர்தம் படங்களோடு உலாவக் காண்கின்றோம்.

மாணவர்களே, படமும் பெயரும் சான்றாகா. எந்த நூல், எந்த இடம் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை பிறர்க்கு அனுப்பாதிருங்கள். பெரியோர் பெயரால் ஒன்றைச் சொல்வது அவரைச் சாட்சிக்கு அழைப்பதாகும். அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரையே சாட்சியாக்குதல், எவ்வளவு அன்போடு செய்யினும், அவமதிப்பேயாகும்.