வாடைக்காற்றின் திருவிழா

திருவிழா என்ற மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன தேரும் தீர்த்தமும் காவடியுமேயாம். பஞ்சாங்கத்திற் குறிக்கப்படாததும், கொடியேற்றம் இல்லாததும், மூர்த்தி எழுந்தருளாததுமான விழா ஒன்றுக்கு வண்டிச்சத்தம் கொடுத்துப் போக வேண்டுமா என்று சிலர் வினவலாம். போகத்தான் வேண்டும் என்பது என் துணிபு. தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறையில் நிகழும் பட்டத்திருவிழாவையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில், வடமராட்சியின் வடகரையில் அமைந்த சிற்றூர் அது. பொங்கிப் படைத்து உண்ட பின்னர் உதயசூரியன் கடற்கரையில் ஊர் திரள்கின்றது. வீடுகளின் கோடிப்புறத்தில் நாட்கணக்காகக் கட்டப்பெற்ற பட்டங்கள் அன்று வெளியே வருகின்றன. பாம்பு, பிராந்து, கொக்கு, எட்டுமூலை என நாம் சிறுவயதில் ஏற்றிய பட்டங்களை எண்ணிக்கொண்டு செல்பவர் திகைத்து நிற்பர். அங்கே கப்பல் பறக்கும், விமானம் பறக்கும், விலங்கும் பறக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய முழு உருவங்கள் அவை. நடுவர்கள் அவற்றைச் சீர்தூக்கிப் பரிசு வழங்குவர்.

இத்துணைப் பெரிய உருவம் எவ்வாறு எழுகின்றது? விடை முச்சையில் இருக்கின்றது. பட்டத்தின் உடலோடு நூலை இணைக்கும் அக்கட்டே, பட்டம் காற்றை எக்கோணத்தில் எதிர்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, இளைஞர் சிலரின் பட்டமொன்று எழுவதும் பின்சாய்ந்து விழுவதுமாக இருந்தது. முதியவர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசாமல் முச்சையை அவிழ்த்து, மேற்கயிற்றை இரண்டு விரற்கடை குறுக்கிக் கட்டினார். பட்டம் எழுந்தது. விண் கூவத் தொடங்கியது. வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து எழுப்பும் அவ்வொலியை, இழையின் இழுவிசை கூடினால் சுருதி உயரும் என்று வகுப்பறையிற் படிக்கும் மாணவர் ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும்.

அம்முதியவரின் விரல்களிலிருந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனக் காற்றை அது வரும் திசையாற் பெயரிட்டு அறிந்து, பாய் விரித்துத் திரைகடல் ஓடிய ஊர் அது. அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளாற் செலுத்தப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பல்களின் காலம் மறைந்தது. காற்றைத் துணியிற் பிடித்த கைகளின் வழிவந்தோர் இன்று அதனைக் கடதாசியிற் பிடிக்கின்றனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இன்னொன்றும் சொல்லாமல் விடுதல் இயலாது. 1987 மே மாதத்து வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது அவ்வூர்மேல் வானிலிருந்து குண்டுகள் வீழ்ந்தன. 1989 ஆகஸ்ட்டில் அங்கே பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதும் பதுங்குகுழிக்கு ஓடுவதும் ஒரு தலைமுறையின் பழக்கமாயிருந்தன. அத்தலைமுறையினர் தம் பேரப்பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதே வானத்தைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கின்றனர். விழா துயரை ஆற்றிவிட்டது என்று கூற யான் துணியேன். வானத்தை மட்டுமாவது அவ்வூர் மீட்டுக்கொண்டது எனலாம்.

போகின்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பெரும்பட்டத்தின் கயிற்றை விளையாட்டாகப் பற்றுதல் ஆகாது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர் ஒருவரைப் பட்டம் கயிற்றோடு மேலே தூக்கிச் சென்ற காட்சியைப் பலர் கண்டிருப்பீர்கள். அவர் உயிர் தப்பியது நற்பேறு. மின்கம்பிகளின் அருகே பட்டம் விடுதலும் கூடாது.

தைப்பொங்கலுக்கு ஊர் செல்லும் குடும்பத்தினர் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளுக்குக் கடையிற் பட்டம் வாங்கிக் கொடுப்பதோடு அமையாது, மூங்கிற் சலாகையும் நூலும் கையிற் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். முச்சை கட்டத் தெரிந்தவர் எவரேனும் அக்கரையில் நின்றுகொண்டிருப்பார். கேட்டாற் சொல்லித் தருவார். கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.