டெட்ராய்ட்டில் மீண்டும் குடித்தனங்கள்

டெட்ராய்ட் நகர மையத்தில் உள்ள புக் டவருக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் பளபளக்கும் கண்ணாடிக் குவிமாடம். 2009-இல் மூடப்பட்டு வருஷக்கணக்கில் பாழடைந்து கிடந்த 38 மாடிக் கட்டடம் இது! 2023-இல் திறந்தார்கள், இப்போது மேல்மாடிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

1950-இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2020-இல் 6.4 லட்சமாகச் சுருங்கிவிட்டது. நடுவில், 2013-இல் நகராட்சியே திவாலானது. 1957-க்குப் பிறகு முதல்முறையாக 2023-இல்தான் மக்கள்தொகை கூடியது.

மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால், இதே மையத்தை ஒட்டியிருந்த கறுப்பின மக்களின் பிளாக் பாட்டம் குடியிருப்பை, நகரச் சீரமைப்பு, நெடுஞ்சாலை என்று சொல்லித்தான் அன்று இடித்துத் தள்ளினார்கள். கஷ்ட காலத்திலும் ஊரை விட்டுப் போகாதவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் இங்கே வீடு கிடைக்க வேண்டும். அதைத்தான் நான் வளர்ச்சி என்பேன்.