வால் பக்கம் நடப்பவன்

நண்பர்களோடு மலையேறும்போது நான் கடைசியில்தான் நடப்பேன். முன்னால் விடுவது, குழுவிலேயே மெதுவாக நடப்பவரை. இல்லையென்றால் அவர் பின்தங்கி, மூச்சு வாங்க வந்து சேரும் நேரத்தில் மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் அது கிடைக்காமலே போகும்.

இந்த வழக்கத்தைக் கர்நாடகத்தின் குமார பர்வதம் நன்றாகச் சோதித்துப் பார்க்கும். உயரம் 1,712 மீட்டர்தான். இமயமலைக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏறத் தொடங்கும் குக்கே சுப்ரமண்யா, மலையின் காலடியில் தாழ்வான இடத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து கிளம்பினால் 1,500 மீட்டருக்கும் மேலான ஏற்றத்தை முதுகில் பையோடு காலாலேயே கடக்க வேண்டும்.

முதல் பாதி அடர்ந்த காடு. நிழல் இருக்கிறதே என்று எல்லோரும் அங்கே ஓடுவார்கள். பாதி வழியில் கிரிகத்தே என்ற இடத்தில், மலையேறுபவர்களுக்குச் சாப்பாடு போடும் பட்டர் வீடு. சோறு, சாம்பார், மோர். அதைத் தாண்டினால் மரமே இல்லாத புல்மேடு. காட்டுக்குள் ஓடியதற்கான வட்டியை வெயில் அங்கே வசூலிக்கும். வழியில் வரும் கல் மண்டபத்தருகே கிடைக்கும் தண்ணீரை அவசியம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

யார் களைத்திருக்கிறார் என்பது பேச்சில் தெரியும். காலையிலிருந்து அரட்டையடித்தவன் "ம்" கொட்ட ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். "பையைக் குடுடா, நான் தூக்குறேன்" என்றால் தரவே மாட்டான், ரோஷம். "அந்தத் தண்ணி பாட்டிலைக் குடு மச்சான், தாகமா இருக்கு" என்று வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு என் பையில் போட்டுக்கொள்வேன். அவன் முதுகில் ஒரு கிலோ குறைந்தது, மானமும் தப்பியது.

உச்சிக்கு முன்னால் வரும் சேஷ பர்வதம்தான் ஆளை உடைக்கும் இடம். அதுவே உச்சி என்று நம்பி ஏறியவர்கள், எதிரே இன்னொரு மலையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். "இதோ வந்துடுச்சு" என்று அப்போது பொய் சொல்லக் கூடாது. "காட்டுக்குள்ள ஒரு இறக்கம், அப்புறம் ஒரு பாறை ஏறணும்" என்று உள்ளதைச் சொன்னால் திட்டிக்கொண்டாவது எழுந்து வருவார்கள்.

உச்சியில் படம் எடுத்ததோடு நாள் முடிந்துவிடுவதில்லை. ஏறும்போது மூச்சுக்கு வேலை. இறங்கும்போது தொடைத் தசைக்கு. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துவது அதுதான். களைத்த கால்கள் சரளைக்கல்லில் வழுக்குவதும் அப்போதுதான். இறங்குவதற்கு முன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் விரல்கள் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போகும். அடிகளைச் சிறிதாக வையுங்கள். இருட்டுவதற்குள் கீழே வந்து சேர முடியாது என்று தெரிந்தால் சேஷ பர்வதத்திலேயே திரும்பிவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் பாதையை மூடிவிடுவார்கள். மழை ஓய்ந்த பிறகு, வனத்துறை அனுமதியோடு போங்கள். தேதி குறிக்கும் முன், உங்களில் மெதுவாக நடப்பவரை முதலில் கேளுங்கள்.