காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஆடு மேய்த்தவர்களிடமும் எரிப்பதற்குப் பீட் மண் வெட்டியவர்களிடமும் கேட்டு, சதுப்பு வெளியின் கேலிக் மொழி இடப்பெயர்களை எழுதியவன் நான். அவர்கள் சொல்லாத பொருளையும் அவர்கள் சொன்னதுபோலவே எழுதிவைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

ஒரு சிற்றேரியின் பெயரைப் பெரியவர் ஒருவர் சொன்னார். ஏரி என்னும் சொல்லுக்குப் பின்னால் உயிரொலியில் தொடங்கும் ஒரு சொல் வந்தது. பொருள் கேட்டேன். "எங்கப்பா அப்படித்தான் சொல்லுவார், அர்த்தமெல்லாம் தெரியாது" என்றார். கேலிக்கில் எஃப்பும் எச்சும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஒலியே இராது. மானைக் குறிக்கும் சொல்லும் 'மானின்' என்று வரும்போது முதல் மெய்யொலியை இழந்துவிடும். அவர் வாயில் வராத அந்த இரண்டு எழுத்துகளை நானே சேர்த்தேன். குறிப்பேட்டின் பொருள் கட்டத்தில் 'மானின் ஏரி' என்று நிரப்பினேன்.

மானாகவே இருக்கலாம். ஆனால் லூயிஸின் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் பிறந்தவை. ஷாபோஸ்ட், லியுர்போஸ்ட் ஆகியவற்றின் கடைசியில் நிற்பது பண்ணைக்கான நார்ஸ் சொல். கேலிக் பேசியவர்களின் நாவில் அது தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. நான் கேட்ட ஒலியும் அத்தகைய எச்சமாக இருந்திருக்கலாம். கோடையில் மாடுகளோடு வந்து தங்கிய யாரோ ஒருவரின் பெயராகவும் இருந்திருக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். கட்டம் காலியாக இருந்தால் நான் வேலை செய்யாதவன் என்று நினைப்பார்களே என்று பயந்தேன். மான் என்பது அழகாகவும் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஆர்ட்னன்ஸ் சர்வே நில அளவையாளர்கள் தொகுத்த பெயர்ப் புத்தகங்களை நான் பல இடங்களில் கடுமையாகப் பேசியிருக்கிறேன். குடிசைவாசியின் சொல்லைவிட நில உரிமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் சொல்லுக்கே அவர்கள் மதிப்புக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் என்னென்ன எழுத்துவடிவங்கள், அவற்றுக்கு யார் சாட்சி என்று தனித்தனிப் பத்திகள் அந்தப் புத்தகங்களில் உண்டு. ஒரு பெயரை யார் சொன்னார் என்று இன்று படிப்பவர் பார்க்கலாம், நம்பலாம், மறுக்கலாம். என் குறிப்பேட்டில் அந்தப் பத்தியே கிடையாது. பெரியவர் சொன்னதும் என் ஊகமும் ஒரே வரியில், ஒரே உறுதியோடு நிற்கின்றன.

ஒலிப்பதிவும் இல்லை. கருவி பையில் இருந்தது. மழை தூறியதால் வெளியே எடுக்கவில்லை. பெரியவர் இறந்துவிட்டார். 'மானின் ஏரி' என் பட்டியலிலிருந்து வேறு பட்டியல்களுக்குப் போய்விட்டது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு எழுதி, பொருளை நீக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு பெயர் நினைவிருப்பதால் அவர்களுக்கு எழுத முடிந்தது. அதே குறிப்பேட்டில் இன்னும் எத்தனை பொருள்களை இப்படி நிரப்பினேன் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறேன். எது அவர்கள் சொன்னது, எது என்னுடையது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.